எலிக்குப் பலித்த பச்சிலை

ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே பெக்கான் நானாஸ் என்னும் சிறு பட்டணம் இருக்கிறது. நானாஸ் என்பது மலாய் மொழியில் அன்னாசி. நாம் சொல்லும் அன்னாசியும் மலாய்க்காரர் சொல்லும் நானாஸும் தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒரே சொல்லிலிருந்து பிறந்து, கப்பலேறிக் கீழ்நாடுகளுக்கு வந்தவை. கறுத்து நொய்ந்த சதுப்பு மண்ணிலே வேறு பல பயிர்கள் வேரூன்ற அஞ்சும், அன்னாசி அஞ்சுவதில்லை. இன்று செம்பனை பெருகிவிட்டதெனினும், அப்பக்கத்துச் சாலையோரக் கடைகளில் அன்னாசி குவிந்திருக்கும் காட்சி மறையவில்லை.

அத்தகைய கடையொன்றின் அருகே, சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறுவனைக் கண்டோம். ஏழு வயதிருக்கும். வெட்டியெறிந்த அன்னாசிக் கொண்டைகளைப் பொறுக்கி, சிறியதிலிருந்து பெரியதாக ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று இடம் மாறினாலும் அவன் அறிவான். நாம் அருகே சென்று நின்றதை மட்டும் அறிந்ததாகக் காட்டவில்லை. பேச்சு வரவில்லை என்றும், மருத்துவமனையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றும் அவன் தாய் கூறினார். அவ்வம்மையார் எஸ்டேட்டிலே பிறந்து வளர்ந்து, இப்பொழுது தொழிற்சாலையொன்றில் கூலிக்கு உழைப்பவர். தம் பையைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து நம் கையில் வைத்தார். மேலே பச்சை இலையின் படம். உள்ளே மூலிகைச் சத்து அடைத்த குளிகைகள். இது மூளையைக் காக்கும், ஆராய்ச்சியில் மெய்ப்பிக்கப்பட்டது என்று விற்றவர் சொன்னாராம். விலை அவருடைய நான்கு நாட் கூலி. ஒரு மாதத்திற்குத்தான் வரும்.

“ஐயா, நீங்கள் நாலும் படிக்கிறவர்கள். இது மெய்யா, பொய்யா? ஒரு சொல் சொல்லுங்கள்” என்றார்.

ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. அக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. அந்தப் பச்சிலையைப்பற்றி அறிஞர் கண்டது யாது என்பது ஒன்று. கண்டதற்கு மேலே சென்று உறுதி கூற யாருக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் விடை உண்டு. பின்னதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் ஆராய்ச்சிக்கு நியாயம் செய்வோம். விற்றவர் சொன்னது முழுப் பொய்யன்று. 2012ஆம் ஆண்டில் ஐதராபாத்தைச் சேர்ந்த மருந்தியல் ஆராய்ச்சியாளர் சிலர், நீர்ப்பிரமி என்று நாம் வழங்கும் செடியின் சத்தை, ஆட்டிசத்தை ஒத்த குறிகள் உண்டாக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். குட்டிகளின் நடத்தை சீர்ப்பட்டது. மூளையில் சிதைவின் அடையாளங்கள் குறைந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேயே பச்சைத் தேயிலைச் சத்தைக் கொண்டு சுண்டெலிகளிடம் அவ்வாறே ஒரு சோதனை இந்தியாவில் நடந்திருக்கிறது. 2015இல் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் மஞ்சளின் சாரமாகிய குர்க்குமினைச் சோதித்து, அதுவும் எலிகளுக்கு நலம் செய்ததென எழுதினர். இவை மறைவில் நடந்தவையல்ல, முறைப்படி வெளியிடப்பட்டவை.

இதன் பின்னுள்ள கருத்தும் எளிதில் விளங்குவதே. ரப்பர் மரத்தோடு பழகியவர்களுக்கு அதை விளக்க நீண்ட பாடம் வேண்டியதில்லை. நெடுநாள் காற்றிலும் வெயிலிலும் கிடந்த ரப்பர் ஒன்று பிசுபிசுக்கும். அல்லது வெடித்து உதிரும். காற்றிலுள்ள பிராணவாயு அதைத் தின்றுவிடுகிறது. மரம் தன் பாலிலேயே அதற்குச் சிறிது காப்பு வைத்திருக்கிறது. போதாதென்று தொழிற்சாலைக்காரர் வேறு காப்புப் பொருளும் சேர்க்கிறார்கள். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று இப்பொழுது கடைதோறும் கேட்கும் சொல்லின் பொருள் இவ்வளவே. நம் மூளை உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கை அதுவே உண்ணுகிறது. கொழுப்பு மிகுந்த உறுப்பாதலின் பிராணவாயுவால் கெடும் தன்மையும் அதற்கு மிகுதி. ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பலரின் குருதியில் இக்காப்புப் பொருள் குறைந்திருப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. செடிகளோ வெயிலிலே நின்று வாழ்பவை; தம்மைக் காத்துக்கொள்ளும் பொருள்களைத் தாமே செய்துகொள்பவை. ஆகவே செடியின் காப்பைப் பிள்ளையின் மூளைக்குக் கொடுத்தால் என்ன என்று அறிஞர் எண்ணியதில் பிழை காண இயலாது.

எண்ணுவது வேறு, அறிவது வேறு.

அந்த எலி ஆட்டிச எலி ஆனது எவ்வாறு என்று கேட்டோமானால் உண்மை துலங்கும். வால்ப்ரோயேட் என்பது வலிப்பு நோய்க்குரிய மருந்து. சூல்கொண்ட பெண் எலிக்கு, குட்டிகளின் நரம்புக்குழல் மூடும் பன்னிரண்டாம் நாளையொட்டி, அம்மருந்தைப் பெருமளவில் ஒருமுறை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். பிறக்கும் குட்டிகள் பிற குட்டிகளை நாடாது ஒதுங்குகின்றன. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. மனிதரிடமிருந்து கற்றே இம்முறை அமைந்தது. டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த 6,55,615 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, கருவிலிருந்தபோது தாய் இம்மருந்தை உட்கொண்ட 508 குழந்தைகளில் ஆட்டிசம் நூற்றுக்கு ஏறக்குறைய 4.4 ஆக இருந்தது. பொதுவாக அது 1.5தான். (இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. கட்டுப்படாத வலிப்பு தாயையும் சேயையும் ஒருங்கே கொல்லும். மருத்துவரைக் கலந்து மாற்றுவதே முறை.)

எலியின் கதையில் துன்பத்தின் காரணம் நமக்குத் தெரியும், நாம்தான் உண்டாக்கினோம். நாளும் தெரியும், அளவும் தெரியும். பெக்கான் நானாஸில் கொண்டை அடுக்கும் சிறுவனின் தாய் அப்படி ஒரு மருந்தையும் உட்கொண்டவரல்லர். ஆட்டிசத்தோடு தொடர்புடையனவாக நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் குறிக்கிறார்கள் அறிஞர்கள். ஒரே பெயரின் கீழே பல வழிகளில் வந்து கூடியவர்கள் அப்பிள்ளைகள். ஒரு வழியில் வந்த எலிக்குப் பலித்தது எல்லா வழியிலும் வந்த பிள்ளைகளுக்கும் பலிக்கும் என்று கூறுவது எந்தத் தருக்கத்தில் அடங்கும்?

குட்டி குணமடைந்தது என்பதை எப்படி அளந்தார்கள்? மூன்று அறைகள் கொண்ட பெட்டியொன்று இவ்வாராய்ச்சிகளில் மிகவும் வழங்கும். ஒரு பக்கத்து அறையில் வேறோர் எலி. மறுபக்கத்து அறையில் வெறுங்கூடு. இடையில் விடப்பட்ட எலி எங்கே மிகுதியான நேரம் நிற்கிறது என்று நொடிகளை எண்ணுவார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் எலிக்குப் பேச்சில்லை. ஆகையால் பேச்சு வராமை எலியிடம் இல்லை. நம் சிறுவனின் தாய்க்கு வேண்டியதோ, அவன் தன்னை ஒருமுறை அம்மா என்று அழைப்பது. அதை அளக்கும் பெட்டியை யாரும் செய்யவில்லை.

அளவைப்பற்றியும் ஒரு வார்த்தை. சண்டிகர் எலிகளுக்குக் கொடுத்த குர்க்குமினின் மேலளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும் வழக்கமான கணக்கின்படி ஆறில் ஒன்றாகக் குறைத்தாலும், 20 கிலோ எடையுள்ள பிள்ளை நாள்தோறும் 20 கிராம் அளவு மஞ்சள்தூள் தின்றாக வேண்டும். கறியில் இடும் மஞ்சளைச் சொல்லிக் குளிகையை விற்பது இந்தக் கணக்கை மறைப்பதாகும். செறிந்த சாரமாக உண்ணும்போது சிலருக்குக் கல்லீரல் கெடுகிறதென 2023இல் ஆஸ்திரேலிய அரசின் மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. புட்டியின் மேல் எழுதியிருந்த செடியின் பெயரிலேயே குழப்பம் உண்டு. பிரமி என்னும் பெயர் சில இடங்களில் நீர்ப்பிரமியைக் குறிக்கும். சில இடங்களில் வல்லாரையை, அதாவது மலாய்க்காரர் பெகாகா என்று பச்சையாக உண்ணும் கீரையைக் குறிக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். ஆராய்ச்சி ஒன்றைப்பற்றியது, புட்டியில் இருப்பது மற்றொன்றாகவும் இருக்கலாம்.

எலியை நம்பி மனிதரைப்பற்றி முடிவுகட்டுவதன் இடரை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கையும் காலும் குறைந்த குழந்தைகள் பிறந்தன. பல நாடுகளிலும் சேர்த்துப் பதினாயிரத்துக்கும் மேல் என்பர். 1961இன் இறுதியில்தான் அங்கே விற்பனை நின்றது. பின்னர் அதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. முயல்களும் குரங்குகளுமே அக்கேட்டைக் காட்டின. அங்கே எலிக்குத் தீங்கில்லாதது பிள்ளைக்குத் தீங்காயிற்று. அப்படியிருக்க, எலிக்கு நலமானது பிள்ளைக்கு நலமாகியே தீரும் என்று யார் கையெழுத்திடுவார்?

காப்புப் பொருள்தானே, மிகுந்தால் என்ன கெடுதி என்பார்க்குப் பின்லாந்துச் செய்தி ஒன்றைச் சொல்லலாம். புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்துக்கொண்டு, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையுமென எதிர்பார்த்தனர். 1994இல் முடிவு வந்தது. உட்கொண்டவரிடம் அந்நோய் நூற்றுக்குப் பதினெட்டு மிகுந்திருந்தது. நல்ல காரணம் காட்டித் தொடங்கிய காரியம்தான்.

ஆட்டிசம் உடையவரிடமே செய்த சோதனைகளும் உண்டு. முட்டைக்கோசின் இனமான ப்ரோக்கோலியிலிருந்து எடுக்கும் சல்ஃபொராஃபேனை அமெரிக்காவில் 13 முதல் 27 வயதுள்ள 44 இளைஞரிடம் 18 வாரம் சோதித்து, நலம் கண்டதாக 2014இல் எழுதினர். நிறுத்தியதும் அந்நலம் மங்கிற்று. சிறு பிள்ளைகளிடம் செய்து 2021இல் வெளியிட்ட மறுசோதனையில், முதன்மையாக அளந்த குறியில் தெளிந்த வேறுபாடு காணவில்லை. ஆக, கதவு திறந்தும் இருக்கவில்லை, அடைத்தும் இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டும் ஒலியைக் காட்டி, கதவு திறந்துவிட்டது என்று விற்பனை நடக்கிறது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். 1877இல் கிளிஃபர்ட் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறத்தைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலே ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழையது. செப்பனிடாமல் கடலில் விடலாமா என்ற ஐயம் அவன் மனத்தை உறுத்துகிறது. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல், இம்முறையும் தாண்டும் என்று தனக்குத் தானே சொல்லி ஐயத்தை அமுக்கிவிட்டு, வெளிநாட்டுக்குக் குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை அதில் ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் மனமார நம்பியவன்தான். ஆயினும் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பாட்டன் பாட்டியரின் வழிவந்த நமக்கு இக்கதை வெறுங்கதையாகத் தோன்றாது.

அவர் மேலும் ஒரு படி செல்கிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால் என்ன? அப்பொழுதும் முதலாளியின் குற்றம் அணுவளவும் குறையாது. அவன் நம்பியது பலித்ததா இல்லையா என்பதன்று வழக்கு. அப்படி நம்ப அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே வழக்கு. நம் விஷயத்தின் உயிர்நிலை இதுவென்றே கருதுகிறோம். நாளை ஒருநாள் நீர்ப்பிரமி உண்மையாகவே பிள்ளைகளுக்கு நலம் செய்வதாகத் தெரியவரலாம். அது மகிழத்தக்கது. ஆனால் அறியுமுன் அறிந்ததாகச் சொல்லிக் கூலிக்காரத் தாயிடம் நான்கு நாட் கூலியை வாங்கியவர் அன்றும் நேர்மையாளர் ஆகிவிட மாட்டார். அவர் கண்டு சொன்னவரல்லர். குருட்டில் எறிந்த கல் பட்டது, அவ்வளவே.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலியது. முழு உண்மையும் தெரியும்வரை காத்திருக்கத் தாயால் முடியுமா? 1896இல் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கிளிஃபர்டுக்கு விடையாக இதையே கேட்டார். தள்ளிப்போட முடியாத தேர்வுகள் வாழ்வில் உண்டு. அங்கே சான்று வருமுன்னே நம்பித் துணிவது குற்றமாகாது என்றார். ஆம், பிள்ளையின் வயது ஆராய்ச்சிக்காக நின்று கொடுப்பதில்லை. அந்தத் தாய் புட்டியை வாங்கியதை நாம் மூடத்தனம் என்று கூறமாட்டோம். அவரைச் சுற்றி நின்றவர் எத்தனை பேர்! கிரகணத்தன்று வெளியே வந்தாய் என்றார் ஒருவர். கயிறு கட்டு, தகடு வை என்றார் இன்னொருவர். கணவன் வீட்டார் உன் வயிற்றுக் கோளாறு என்றனர். படித்த உலகம் மட்டும் என்ன செய்தது? 1943இல் பால்ட்டிமோரில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்துக்குப் பெயர் நிலைநாட்டினார். பின்வந்த ஆண்டுகளில், அன்பற்றுக் குளிர்ந்த தாயே இதற்குக் காரணம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதினார்கள். தாய்மார் தலைகுனிந்து அதைக் கேட்டார்கள். தாமே அத்தகைய மகனுக்குத் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூல்தான் அப்பழியை அசைத்தது. கிரகணமும் வேண்டாம், பழியும் வேண்டாம், இதோ விஞ்ஞானம் என்று ஒருவர் புட்டியை நீட்டும்போது, அது அத்தாய்க்குக் கை கொடுத்ததாகவே தோன்றியிருக்கும்.

ஆதலால்தான் நீட்டியவர் செயல் நமக்குக் கசக்கிறது. தாயத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டால், தாயத்து விற்பவன் விஞ்ஞானத்தின் பெயரைக் கெடுப்பதில்லை என்பதே வேறுபாடு. நம்ப விரும்புவது தாயின் உரிமை. உறுதி கூறுவது விற்பவரின் பொறுப்பு. ஜேம்ஸின் நியாயம் முதலாவதற்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது. தாய்க்குக் கூட அந்நியாயம் ஓர் எல்லைவரையே செல்லும். அவர் துணிவது தம் உடல்மேலன்று. இப்பிள்ளைகள் பலருக்கு உணவின் சுவையும் மணமும் நம்மினும் பன்மடங்கு உறைக்கும். நம் சிறுவன் சோறு, முட்டை, ஒரே நிறத்து ரொட்டி தவிர வேறெதையும் தொடுவதில்லையாம். அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு கசப்புக் குளிகையைப் பிரித்து வாயில் ஊற்றுவது காலைதோறும் நடக்கிறது. வேண்டாம் என்ற சொல் அவனுக்கு இல்லை, அழுகைதான் உண்டு. அவ்வழுகையையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

எலிகளையும் மறந்துவிடலாகாது. உயிர்வதையைக் கண்டு மனம் நடுங்குவோர் நம்மில் பலர். சோதனை அறவே கூடாது என்பது ஒரு கட்சி. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர் வேறு வழியிருந்தால் உயிர்களை விடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்று ஒரு நடுவழி வகுத்தனர். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்று அதையே தழுவுகின்றன. நாமும் அவ்வளவில் நிற்கிறோம். ஆனால் ஒன்று கேட்போம். எலி பட்ட துன்பத்துக்கு நியாயம் ஏதேனும் உண்டென்றால், அதனால் பெறும் உண்மை ஒன்றுதான். அவ்வுண்மையைத் திரித்து விளம்பரமாக்கிவிட்டால், அந்த எலி எதற்காகத் துன்புற்றது?

மூளையைக் காத்தல் என்னும் சொற்றொடரும் நம்மைச் சிந்திக்க வைத்தது. எதிலிருந்து காத்தல்? எலிக்கு நாம் ஊசியால் கேடு செய்தோம், அக்கேட்டிலிருந்து காத்தோம். ஏழு வயதுச் சிறுவனின் மூளை அடிபட்டு இன்று சிதைந்துகொண்டிருக்கும் ஒன்றன்று. அது வேறு வகையாய் வளர்ந்திருக்கிறது. அவனுக்குத் துன்பங்கள் உண்டு: பேச்சின்மை, உறக்கமின்மை, பேரொலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறல். அவற்றைத் தணிக்க முயல்வது கடன். ஆயினும் அளவறிந்து கொண்டைகளை அடுக்கும் அந்தக் கண் நோய்க்குறியா, அறிவா? ஆட்டிசம் உடையோர் சிலர் வளர்ந்து தாமே பேசவும் எழுதவும் தொடங்கியபின், எங்களைப் பழுது பார்க்காதீர்கள், எங்களுக்கு இடம் விடுங்கள் என்கிறார்கள். பேசவே இயலாத பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதைக் கேட்டு வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. இவ்வழக்கைத் தீர்க்க நாம் முன்வரவில்லை. குளிகைப் புட்டி அதைத் தீர்த்துவிட்டதாக நடிக்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இவற்றையெல்லாம் எளிய சொற்களில், மறுவாரம் அதே கடையோரம், அத்தாயிடம் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “சரி ஐயா, அந்தக் காசுக்கு வேறு என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

அதற்கு விடை நம்மிடம் இருந்தது. 1984இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநலத் துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம், அதனால் சில உதவிகள் கிட்டும். 2019 முதல், குறையுள்ள பிள்ளை என்று பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்பது அரசின் கொள்கை. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டித் தம் விருப்பத்தைத் தெரிவிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை உண்டு. அதற்கு வேண்டுவன அட்டையும் பசையும் பொறுமையும். இவற்றில் எதுவும் மந்திரமன்று. நிலையத்துக்குப் போக வர பஸ் வசதி குறைவு என்றும், வேலைக்கு ஒருநாள் போகாவிட்டால் கூலி பிடிப்பார்கள் என்றும் அவர் சொன்னார். உண்மைதான், அதற்கு நம்மிடம் விடையில்லை. நான்கு நாட் கூலியில் சில வாரத்துக்கு வாடகை வண்டி வைக்கலாம் என்று இருவருமாகக் கணக்குப் பார்த்தோம்.

புட்டியில் இன்னும் பாதி இருக்கிறதாம். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வரவில்லை என்கிறார். கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டோம்.